மொத்தக் கோப்புப் பதிவேற்றம்

மொத்தக் கோப்புப் பதிவேற்றம் என்பது ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒரே முயற்சியில் கூகுள் டிரைவ், ஷேர்பாயிண்ட் போன்ற மேகச் சேமிப்பகங்களுக்கு அனுப்புவதாகும். ஒரே ஒரு கோப்பை அனுப்பும்போது அது ஏறாவிட்டால் உடனே தெரிந்துவிடும். பத்தாயிரம் கோப்புகளில் பதினேழு விடுபட்டால் கண்ணில் படாது. கணினியில் உள்ள மூலத்தை அழித்த பிறகு, என்றோ ஒருநாள் தேடும்போதுதான் இழப்பு தெரியவரும்.

நேரம்

இணைய நிறுவனங்கள் விளம்பரத்தில் பெரிதாகக் காட்டுவது பெரும்பாலும் பதிவிறக்க வேகத்தையே. இங்கு வேண்டியது பதிவேற்ற வேகம். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 100 ஜிபி ஏற, தடங்கல் எதுவும் இல்லாவிட்டாலும் சுமார் 22 மணி நேரம் ஆகும். மொத்த அளவு சிறிதாயினும் எண்ணிக்கை பெரிதானால் தாமதமே. ஒவ்வொரு கோப்புக்கும் சர்வரிடம் தனித்தனியாகக் கேட்டு விடை பெற வேண்டும். அதற்கு அரை நொடி என்று கொண்டாலும் ஒரு லட்சம் கோப்புகளுக்கு ஏறத்தாழ 14 மணி நேரம்.

அனைத்தையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்பினால் இத்தாமதம் குறையும். ஆனால் கூகுள் டிரைவ் அந்தக் கட்டைத் தானே பிரித்து வைக்காது. பரணில் போட்ட மூட்டை போலத்தான், உள்ளே இருப்பதைத் தேடி எடுப்பது கடினம்.

நீண்ட நேரப் பணியை உலாவியை நம்பி விடுவது நல்லதன்று. தாவலை மூடினாலோ கணினி உறங்கினாலோ பதிவேற்றம் நின்றுவிடும். தனிச் செயலிகள் பெரிய கோப்பைத் துண்டு துண்டாக அனுப்பி, அறுந்த இடத்திலிருந்து தொடரும். கோரிக்கைகள் மிகுந்தால் சர்வர் 429 என்னும் பிழை எண்ணைத் திருப்பி அனுப்பும். 'சற்றுப் பொறு' என்பதே அதன் பொருள். நல்ல செயலி காத்திருந்து மீண்டும் முயலும். கூகுள் டிரைவில் ஒரு பயனர் ஒரு நாளில் 750 ஜிபிக்கு மேல் ஏற்ற முடியாது.

பெயர்ச் சிக்கல்கள்

கோப்புகள் விடுபடுவதற்குப் பெயர்களும் முக்கியக் காரணம். ஷேர்பாயிண்ட் கோப்புப் பெயரில் வினாக்குறி, முக்காற்புள்ளி, உடுக்குறி, இரட்டை மேற்கோள்குறி முதலியவற்றை ஏற்பதில்லை. லினக்ஸ் இவற்றை அனுமதிப்பதால், அங்கு வைத்த பெயர் இங்கு மறுக்கப்படும். கோப்புறைகளின் பெயர்களையும் சேர்த்து முழுப் பாதை 400 எழுத்துருக்களைத் தாண்டக் கூடாது. கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்குவோர் இந்த எல்லையை எளிதில் தொட்டுவிடுவர்.

தமிழ்ப் பெயர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். லினக்ஸில் ஒரு பெயருக்கு வழக்கமான எல்லை 255 பைட்; ஆகவே 85 குறிகளே கொள்ளும். 'கி' என்பதே இரண்டு குறிகள். மேலும், 'கொ' என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அதனால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் 'பொருளியல்', கணினிக்கு இரு வேறு பெயர்களாகி, ஒரே கோப்பு இரு முறை ஏறிவிடலாம்.

சரிபார்ப்பு

இருபுறமும் எண்ணிக்கையை ஒப்பிடுவது முதற்படி. எண்ணிக்கை ஒத்திருந்தாலும் உள்ளடக்கம் சிதைந்திருக்கக்கூடும். அதற்குச் சரிகாண் தொகை உதவும்: கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் இந்த எண், ஒரு பைட் மாறினாலும் வேறாகும். கூகுள் டிரைவ் எம்டி5 என்னும் சரிகாண் தொகையைச் சேமித்து வைக்கிறது. ஆர்குளோன் என்னும் இலவசச் செயலி அதை மூலத்துடன் ஒப்பிட்டு, வேறுபடும் கோப்புகளைக் காட்டும். அந்த ஒப்பீடு முடியும்வரை மூலத்தை அழிக்கக் கூடாது.

வேர்டு கோப்புகளை ஏற்றும்போது கூகுளின் சொந்த வடிவத்துக்கு மாற்றும் அமைப்பு இயங்கினால், மாற்றப்பட்ட ஆவணத்துக்குச் சரிகாண் தொகை இராது, ஒப்பிடவும் இயலாது. பதிவேற்றம் தொடங்குமுன் அந்த அமைப்பை அணைத்துவிட வேண்டும்.