காரையின் கதை – 9: விரிசலில் விழிக்கும் பாக்டீரியா

கான்கிரீட் கட்டடங்களில் பெரும்பாலானவை சுமை தாங்காமல் விழுவதில்லை என்று சென்ற வாரம் பார்த்தோம். மயிரிழை விரிசல் வழியாகத் தண்ணீரும் உப்பும் இறங்குகின்றன. கம்பி துருவேறிப் பருத்து, காரையை உள்ளிருந்தே பிளக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், ‘பாக்டீரியா கலந்தால் கான்கிரீட் வலுவாகும்’ என்று அடிக்கடி வரும் செய்திகள் தவறான இடத்தில் கைதட்டுகின்றன என்பது விளங்கும். வலிமையைக் கூட்டத்தான் வேண்டுமென்றால் கலவையில் தண்ணீரைக் குறைத்தாலே போதும். அதற்கு எந்த நுண்ணுயிரின் தயவும் தேவையில்லை. விரிசலை அடைக்கிறதா, தண்ணீரைத் தடுக்கிறதா என்றுதான் பாக்டீரியாவைச் சோதிக்க வேண்டும்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியலாளர் ஹெங்க் யோங்கர்ஸ் 2006 வாக்கில் தொடங்கிய ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. கான்கிரீட்டின் காரத்தன்மை 12, 13 பிஎச் வரை போகும். சாதாரண உயிரிகள் அதில் பிழைக்காது. அதனால் காரத்தை விரும்பும் பேசில்லஸ் வகைகளை அவர் தேர்ந்தெடுத்தார். இவை உணவும் நீரும் இல்லாதபோது ஸ்போராக மாறி ஆண்டுக்கணக்கில் உறங்கக்கூடியவை. கூடவே உணவாகக் கால்சியம் லாக்டேட். விரிசலில் நீர் புகுந்ததும் ஸ்போர் விழித்து, ஆக்சிஜனைக் கொண்டு லாக்டேட்டைச் செரித்து, சுண்ணாம்புக்கல்லைப் படியவைக்கிறது. அப்போது வெளிவரும் கார்பன் டைஆக்சைடும் வீணாவதில்லை. சிமெண்டிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து மேலும் படிவைத் தருகிறது. கம்பியைத் துருவேற்றும் ஆக்சிஜனைப் பாக்டீரியாவே உறிஞ்சிக்கொள்வது உபரி லாபம்.

கான்கிரீட் தானாகவே சிறு விரிசல்களை மூடிக்கொள்ளுமே என்று பொறியாளர்கள் கேட்பது நியாயம். அதற்கு அளவு பதில் சொல்கிறது. 100 நாள் நீரில் மூழ்கியிருந்த மாதிரிகளில், சாதாரணக் கான்கிரீட் 0.18 மி.மீ. வரையிலான விரிசலை மூடியது. பாக்டீரியா கலந்தது 0.46 மி.மீ. வரை மூடியது. ஸ்போர் பிழைக்குமா என்பது அடுத்த ஆட்சேபம். நேரடியாகக் கலந்தபோது நான்கு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. காரை இறுக இறுக நுண்துளைகள் சுருங்கி அவற்றை நசுக்கின. பொரிந்த களிமண் உருண்டைகளுக்குள் வைத்தபோது ஆயுள் நீண்டது. ஆனால் அந்த மென்மையான உருண்டைகள் ஜல்லிக்குப் பதிலாக நிற்பதால் கான்கிரீட்டின் வலிமை குறைகிறது. வலுவூட்டும் என்று கொண்டாடப்படும் பொருள் வலிமையைக் குறைக்கிறது! யூரியாவைச் சிதைக்கும் பாக்டீரியாவைப் பயன்படுத்தும் இன்னொரு முறையும் உண்டு. வேகமாகப் படிவு தரும். அம்மோனியாவையும் சேர்த்தே தரும். கட்டடத்துக்குள் அதை நான் விரும்பமாட்டேன்.

விலை அதிகம் என்ற ஆட்சேபத்தை முழுமையாக மறுக்க முடியாது. வீட்டுச் சுவருக்கு இது வீண் செலவு. தண்ணீர்த் தொட்டி, சுரங்கப்பாதை, நிலவறை போன்றவற்றில் கணக்கு வேறு. அங்கே சுமைக்குத் தேவையானதைவிட அதிகக் கம்பி கட்டுவது, விரிசலைச் சுமார் 0.2 மி.மீ.க்குள் அடக்கத்தான். இருமடங்கு அகல விரிசலும் மூடிக்கொள்ளும் என்றால் அந்த உபரிக் கம்பியில் ஒரு பகுதி மிச்சம். ஆனால் கட்டுமான விதிகள் இதை ஏற்க, நீரில் மூழ்கிய மாதிரி போதாது. வெயிலில் காய்ந்து மழையில் நனைந்து, பாரத்தில் திறந்து மூடும் விரிசலிலும் அடைப்பு நிற்க வேண்டும். உணவு தீர்ந்த பிறகு அதே இடம் மறுபடி வெடித்தால் என்ன ஆகும் என்பதும் தெரிய வேண்டும்.