அன்னபூரணி போய்ச் சேர்ந்த ஊர்: குளொஸ்ரரில் மூன்று நாள்



கோடை விடுமுறை நெருங்கினால் எங்கள் வீடுகளில் ஒரே கேள்விதான்: இந்த முறை எங்கே போவது? நயாகரா பார்த்தாயிற்று. ரொறன்ரோவில் உள்ள சொந்தக்காரர் வீடுகளுக்கும் போயாயிற்று. மொன்றியலில் இருந்து காலையில் புறப்பட்டால் மாலைக்குள் போய்ச் சேரக்கூடிய ஒரு பழைய பாய்க்கப்பல் துறைமுகத்தைப் பற்றி இந்த மாதம் பேசலாம் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில், பொஸ்ரனுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள குளொஸ்ரர் நகரம்தான் அது. 1623இல் ஆங்கிலேயர் வந்து குடியேறிய ஊர். இன்றும் அங்கே மீன்பிடிப் படகுகள் வந்து போகின்றன.

நான் இந்தப் பயணத்தைப் பற்றி வீட்டில் முதலில் சொன்னபோது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "தம்பி, கடலைப் பார்க்கிறதுக்குக் காசு செலவழிச்சுப் போறியோ? நான் பார்த்த கடல் போதும்" என்றார். அம்மாவுக்கு வயது 78. பிறந்தது வல்வெட்டித்துறை. அவருடைய தம்பி 1986இல் கடலில் போனவர், திரும்பி வரவில்லை. அதன்பிறகு அம்மா கடலைப் பற்றிக் கதைப்பதே இல்லை. பிள்ளைகளுக்கும் படகு என்றால் அகதிப் படகுதான். அதே 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த எங்கள் ஆட்கள் 155 பேரை அந்த ஊர் மீனவர்கள் காப்பாற்றிய கதை அவர்களுக்குத் தெரியும். ஆனால் எங்கள் ஆட்கள் கப்பலோட்டிகள் என்பது தெரியாது.

அன்னபூரணியின் கதை

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட இரண்டு பாய்மரக் கப்பல் அன்னபூரணி. நீளம் 89 அடி. இப்படிப்பட்ட கப்பல்களில்தான் எங்கள் தண்டையல்மார் நாகபட்டினத்துக்கும் கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் போய் அரிசியும் மரமும் ஏற்றி வந்தார்கள். வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர், 1928 முதல் 1931 வரை ஒரு சிறிய பாய்ப்படகில் உலகத்தைச் சுற்றி வந்தவர், இந்தக் கப்பலைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கினார். தன் மனைவியின் பெயரில் அதற்கு புளோரன்ஸ் சி. றொபின்சன் என்று புதுப் பெயர் வைத்தார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையோடு ஐந்து வல்வெட்டித்துறையார் அதில் போனார்கள். சூயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் என்று பல மாதம் ஓடி, 1938 ஆகஸ்ட் 1ஆம் திகதி அவர்கள் போய் நங்கூரம் போட்ட துறைமுகம்தான் குளொஸ்ரர்.

இதைச் சொன்னதும் அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஐயா சொல்லுவார். எங்கட ஆக்கள் கொண்டுபோன கப்பலெல்லோ" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் தன் கடவுச்சீட்டைத் தேடி எடுத்து வைத்திருந்தார்.

எப்போது போவது?

பாய்க்கப்பல் சவாரிகள் பெரும்பாலும் ஜூன் முதல் ஒக்ரோபர் தொடக்கம் வரைதான் நடக்கும். ஜூன் இறுதியில் சிசிலியில் இருந்து வந்த இத்தாலிய மீனவர்களின் புனித பேதுரு திருவிழா நடக்கும். செப்ரெம்பர் தொடக்கத்தில், தொழிலாளர் தின நீண்ட வாரவிறுதியில், பாய்க்கப்பல் விழாவும் ஓட்டப் போட்டியும் நடக்கும். கப்பல்களை ஒன்றாகப் பார்க்க அதுதான் நல்ல நேரம். ஆனால் விடுதி கிடைப்பது கடினம், விலையும் கூட. முதியவர்களோடு போகிறவர்களுக்கு அதற்கு அடுத்த இரண்டு வாரங்களைச் சொல்வேன். கூட்டம் குறைவு, வெயிலும் இதமாக இருக்கும். கடல் தண்ணீர் மட்டும் எங்கள் ஊர்க் கடல்போல என்று எண்ணி இறங்காதீர்கள். ஜூலையிலும் குளிரும்.

கடதாசி வேலைகள்

எங்கள் குடும்பங்களில் ஒரே வீட்டில் மூன்று விதமான பத்திரங்கள் இருக்கும். கனேடியக் குடியுரிமை உள்ளவர்களுக்குக் கடவுச்சீட்டுப் போதும், விசா தேவையில்லை. நிரந்தர வதிவிடம் பெற்று இலங்கைக் கடவுச்சீட்டில் இருப்பவர்களும், அகதிப் பயணப் பத்திரம் வைத்திருப்பவர்களும் அமெரிக்க விசா எடுக்க வேண்டும். நேர்முகத்துக்குப் பல மாதம் காத்திருக்க நேரலாம். ஆகவே விடுதி பதிவதற்கு முன் இதைப் பாருங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும்.

பயண மருத்துவக் காப்புறுதி எடுக்காமல் முதியவர்களைக் கூட்டிச் செல்ல வேண்டாம். அமெரிக்க ஆஸ்பத்திரிச் செலவில் கியூபெக் அரசாங்கக் காப்புறுதி தருவது மிகச் சிறிய பங்குதான். ஏற்கனவே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதுங்கள்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போவது எங்கள் பழக்கம். எல்லையில் எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்லுங்கள். பழங்கள், இறைச்சி, பச்சைக் கறிவேப்பிலை ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கறிவேப்பிலை தோடை, தேசிக்காய் இனத்தைச் சேர்ந்தது. அந்த மரங்களுக்கு வரும் நோயைப் பரப்பும் என்பதால் பச்சை இலையை உள்ளே விடமாட்டார்கள். நாங்கள் புளிச்சாதமும் ரொட்டியும் கொண்டுபோனோம், ஒரு சிக்கலும் இல்லை.

வழியும் தங்குமிடமும்

மொன்றியலில் இருந்து பிலிப்ஸ்பேர்க் எல்லை, பிறகு வெர்மொன்ற் ஊடாக 89ஆம் இலக்க நெடுஞ்சாலை, கொன்கோட்டில் 93, பொஸ்ரனை நெருங்கும்போது 128. அந்த 128 குளொஸ்ரரில்தான் முடிகிறது. மொத்தம் ஏறத்தாழ 500 கிலோமீற்றர். எல்லையில் நிற்கும் நேரத்தோடு ஏழு மணித்தியாலம் என்று கணக்கு வையுங்கள். வழிகாட்டிக் கருவியில் மசாசுசெட்ஸ் என்றும் சேர்த்துப் போடுங்கள். இதே பெயரில் ஒட்டாவாவிலும் ஓர் இடம் உண்டு!

ஊருக்குள்ளே விடுதிகள் கோடையில் விலை கூட. 128ஆம் வீதியில் அரை மணித்தியாலம் பின்னால் உள்ள டன்வேர்ஸ், பீபடி ஆகிய ஊர்களில் நிறைய விடுதிகள் உண்டு. வாகனம் ஓட விருப்பம் இல்லாதவர்கள் பொஸ்ரன் வடக்கு நிலையத்தில் இருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத்தில் குளொஸ்ரர் போகலாம்.

முதல் நாள்: கரையோரம்

நீங்கள் போய்ச் சேரும் மாலையில் வேறு ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் கரையோர நடைபாதைக்குப் போங்கள். அங்கே சுக்கானைப் பிடித்தபடி கடலைப் பார்த்து நிற்கும் மீனவர் சிலை உண்டு. லெனாட் கிறாஸ்க் செய்தது, 1925இல் வைத்தார்கள். அதைச் சுற்றியுள்ள பலகைகளில் கடலில் இறந்த 5,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள், ஆண்டு வாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன.

ஏன் இவ்வளவு பேர்? இந்த ஊர்ப் பாய்க்கப்பல்கள் குளிர்காலத்திலும் ஆழ்கடல் மீன்திட்டுகளுக்குப் போயின. கப்பலின் தளத்தில் கிண்ணங்களைப்போல ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய தட்டையடி வள்ளங்களை அங்கே இறக்குவார்கள். வள்ளத்துக்கு இரண்டு பேர். நீண்ட தூண்டில் கயிறு போட்டு மீன் பிடிப்பார்கள். புகார் மூடினால் கப்பல் எங்கே என்று தெரியாது. புயல் அடித்தால் கப்பலே தப்பாது. 1879 பெப்ரவரியில் ஒரே புயலில் 13 கப்பல்களும் 143 பேரும் போனார்கள்.

அம்மா அந்தப் பலகைகளைத் தடவிக்கொண்டு மெதுவாக நடந்தார். ஆங்கிலப் பெயர்களுக்கு நடுவே போர்த்துக்கேயப் பெயர்களும் இத்தாலியப் பெயர்களும் வந்தன. மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். பிறகு, "இஞ்சை எல்லாற்றை பேரும் எழுதி வைச்சிருக்கினம்" என்றார். சற்றுத் தள்ளி மீனவர் மனைவியரின் சிலை இருக்கிறது. கடலைப் பார்த்து நிற்கும் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும். 2001இல் வைத்தது. அதன் அருகே இருந்த வாங்கில் இருந்துதான் அம்மா தன் தம்பியைப் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்கு முதல் தடவையாகச் சொன்னார். எவ்வளவு கெட்டிக்காரன், எப்படி நீந்துவான், கடைசியாக என்ன சாப்பிட்டுவிட்டுப் போனான் என்று. இருட்டும்வரை இருந்தோம்.

இதனால்தான் சொல்கிறேன், இந்த இடத்தில் பத்து நிமிடம் நின்று படம் எடுத்துவிட்டு நகர வேண்டாம்.

இரண்டாம் நாள்: துறைமுகமும் பாய்க்கப்பலும்

காலையில் துறைமுக வளைவுக்குப் போங்கள். கடல்சார் அருங்காட்சியகமும், கப்பல்களைத் தண்டவாளத்தில் இழுத்துக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் இடமும் அங்கே உண்டு. அருகிலுள்ள மேட்டில் ஒரு கல்வீடு தெரியும். சிறு வயதிலேயே கால்கள் இயங்காமல் போய், ஊன்றுகோலோடு நடந்து இந்தத் துறைமுகத்தை ஓவியமாகத் தீட்டிய பிற்ஸ் ஹென்றி லேனின் வீடு அது. அவருடைய ஓவியங்கள் நகரிலுள்ள கேப் ஆன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எந்த அருங்காட்சியகமானாலும் திறக்கும் நாளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

1926இல் கட்டிய அட்வெஞ்சர் என்ற பாய்க்கப்பல், 120 அடிக்கும் மேல் நீளமானது, இன்னும் கடலில் ஓடுகிறது. கோடையில் பொதுமக்களை ஏற்றிச் செல்வார்கள். முன்பதிவு அவசியம். பாய் ஏற்றும்போது பயணிகளையும் கயிறு இழுக்கக் கூப்பிடுவார்கள். கைத்தொலைபேசியை விட்டுக் கண்ணெடுக்காத என் மகன் கை சிவக்கச் சிவக்க இழுத்தான். இயந்திரச் சத்தம் இல்லாமல் காற்றிலேயே கப்பல் நகரத் தொடங்கியதும், "அன்னபூரணியும் இப்படித்தானோ அப்பா, அமெரிக்கா மட்டும்?" என்று கேட்டான். அம்மா ஏறவில்லை. மனைவியும் அவரும் கரையில் இருந்தார்கள். நாங்கள் வற்புறுத்தவும் இல்லை.

பிற்பகலில் நல்ல பயணத்து மாதா கோவிலைப் பாருங்கள். போர்த்துக்கேய மீனவர்கள் கட்டியது. பழைய கோவில் 1914இல் எரிந்துபோக மறுவருடமே திரும்பக் கட்டினார்கள். உச்சியில் உள்ள மாதா, இடக்கையில் பிள்ளைபோல ஒரு பாய்க்கப்பலை ஏந்தி நிற்கிறார். வந்தேறிகளாக வந்தவர்கள் தங்கள் பயத்தையும் நம்பிக்கையையும் ஊர் முழுக்கத் தெரியும்படி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள்: எசெக்ஸ், இப்ஸ்விச்

திரும்பும் நாளில் 133ஆம் வீதியால் எசெக்ஸ் போங்கள். அட்வெஞ்சர் பிறந்த ஊர். இந்தச் சின்ன ஊரின் ஆற்றங்கரையில் 4,000க்கும் மேற்பட்ட மரக் கப்பல்களைக் கட்டியிருக்கிறார்கள். கப்பல் கட்டும் அருங்காட்சியகத்தில் வங்குக்கால் எப்படி வைப்பது, பலகை எப்படிப் பொருத்துவது என்று விளக்குவார்கள். வல்வெட்டித்துறைக் கரையில் பார்த்ததையெல்லாம் அம்மா எங்களுக்குத் தமிழில் சொன்னது இங்கேதான்.

அடுத்தது இப்ஸ்விச்சில் உள்ள காசில் ஹில். 1928இல் கட்டி முடித்த 59 அறை மாளிகை, கடல்வரை இறங்கும் புல்வெளி. இது கிறேன் குடும்பத்தின் வீடு. அன்னபூரணிக்குத் தன் பெயரைக் கொடுத்த புளோரன்ஸ் அந்த வீட்டு மகள். ஆனால் நாங்கள் பார்த்த இடங்கள் எதிலும் அன்னபூரணியின் பெயரைக் காணவில்லை. கப்பலும் அங்கே இல்லை. அதைத் தேடிப் போகாதீர்கள். கதையை நீங்கள்தான் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

நாங்கள் விட்ட பிழைகள்

கடற்கரையில் வாகனம் நிறுத்த, வெளியூராருக்குக் கோடையில் இணைய முன்பதிவு வேண்டும். நாங்கள் பதியாமல் போய்த் திரும்பி வந்தோம். இரண்டாவது, வற்றுப்பெருக்கு. எங்கள் ஊரில் கடல் சாண் கணக்கில்தான் ஏறி இறங்கும். இங்கே சராசரியாகவே ஏறத்தாழ 9 அடி. காலையில் விரிந்து கிடந்த மணல் மதியம் தண்ணீருக்குள் போய்விட்டது. அட்டவணையைப் பாருங்கள். மூன்றாவது, திமிங்கிலம் பார்க்கும் படகு. நான்கு மணித்தியாலம் திறந்த கடலில் ஓடும். மருந்து எடுக்காமல் ஏறிய மகள் திமிங்கிலத்தைப் பார்க்கவே இல்லை.

கடைசியாக ஒன்று. எல்லா நேரத்தையும் நிரப்பித் திட்டம் போடாதீர்கள். ஒரு காலைப் பொழுதைச் சும்மா விட்டு வையுங்கள். திரும்பும் வழியில் வெர்மொன்ற் மலைகளுக்குள் வந்துகொண்டிருந்தபோது அம்மா, "நானும் அந்தக் கப்பலிலை ஏறியிருக்கலாம்" என்றார். எங்களிடம் ஒரு காலை மிச்சமிருந்திருந்தால் ஏற்றியிருப்பேன்.

இந்த வருடமும் செப்ரெம்பரில் போக இருக்கிறோம். முதலில் பதிந்தது அம்மாவுக்கான சீட்டைத்தான். நீங்களும் புறப்படுமுன் உங்கள் வீட்டு முதியவர்களிடம் அவர்கள் ஊர்க் கடலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.