கிரேக்க மக்களின் நோய் எதிர்ப்பு மரபணு வேறுபாடு

கிரேக்க மக்களின் நோய் எதிர்ப்பு மரபணு வேறுபாடு என்பது, உடலின் நோய் எதிர்ப்புத் தொகுதியை இயக்கும் மரபணுக்கள் கிரேக்கர்களிடையே எவ்வெவ் வடிவங்களில், எந்த அளவில் காணப்படுகின்றன என்பதைக் குறிக்கும். இவற்றுள் மிகுதியாக ஆராயப்பட்டவை மனித வெண்குருதியணுப் பிறபொருளெதிரியாக்கி மரபணுக்கள் ஆகும். இவை சுருக்கமாக எச்.எல்.ஏ மரபணுக்கள் எனப்படுகின்றன.

எச்.எல்.ஏ மரபணுக்கள்

எச்.எல்.ஏ மரபணுக்கள் 6ஆம் நிறப்புரியின் குறுங்கையில் அமைந்துள்ளன. இவை உருவாக்கும் புரதங்கள், உயிரணுவின் உள்ளிருந்தோ வெளியிலிருந்தோ பெறப்பட்ட புரதத் துண்டுகளை அதன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகின்றன. அத்துண்டு உடலுக்கு உரியதா, நோய்க்கிருமிக்கு உரியதா என்பதை டி உயிரணுக்கள் அடையாளம் காண்கின்றன. இவ்வகையில் முதலாவது பிறபொருளெதிரியாக்கியை 1958இல் விவரித்த பிரான்சு நாட்டு மருத்துவர் சான் டோசே, 1980இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மனித மரபணுக்களுள் மிகுதியான மாற்றுருக்களைக் கொண்டவை இவையே. தாயிடமிருந்து ஒரு வடிவத்தையும் தந்தையிடமிருந்து வேறொரு வடிவத்தையும் பெற்றவரால் கூடுதலான கிருமித் துண்டுகளை அடையாளம் காட்ட இயலும். ஆகையால் இயற்கைத் தேர்வு இங்கு ஒரே வடிவத்தை நிலைநிறுத்தாமல், பல வடிவங்களையும் நெடுங்காலம் காத்து வருகிறது.

கிரேக்கர்களிடம் ஏ02, ஏ24, பி51, பி35, பி18, டி.ஆர்.பி1-11, டி.ஆர்.பி1-16 ஆகிய குழுக்கள் பரவலாக உள்ளன. பால்கன் நாடுகள், இத்தாலி, துருக்கி ஆகியவற்றின் மக்களிடமும் ஏறத்தாழ இதே அமைப்பைக் காணலாம். முள்ளந்தண்டு அழற்சி நோயோடு தொடர்புடைய பி27, வட ஐரோப்பியரைவிடக் கிரேக்கர்களிடம் குறைவு. எச்.ஐ.வி தீநுண்மம் உயிரணுவினுள் நுழைவதைத் தடுக்கும் சி.சி.ஆர்5 மரபணுவின் குறைவுற்ற வடிவமும் அவ்வாறே. வட ஐரோப்பாவில் 10 விழுக்காட்டுக்கு மேல் காணப்படும் இம்மாற்றுரு, கிரேக்கத்தில் சில விழுக்காடு மட்டுமே.

அடமாண்டியாடிசு-பெச்செட் நோய்

1930இல் ஏதென்சில் கண் மருத்துவர் பெனடிக்டோசு அடமாண்டியாடிசு, மீண்டும் மீண்டும் கண்ணழற்சியும் வாய், பிறப்புறுப்புப் புண்களும் தோன்றிய ஓர் இளைஞரைப் பற்றி அறிக்கை அளித்தார். 1937இல் இசுதான்புல்லைச் சேர்ந்த தோல் மருத்துவர் உலுசி பெச்செட் இவற்றை ஒரு தனி நோயாக வரையறுத்தார். உலகெங்கும் பெச்செட்டின் பெயரே நிலைத்துவிட்டது. கிரேக்க மருத்துவர்கள் இருவர் பெயரையும் சேர்த்தே வழங்குகின்றனர்.

மத்தியதரைக் கடற்பகுதி முதல் சப்பான் வரை, பழைய பட்டுப் பாதையை ஒட்டிய நாடுகளில் இந்நோய் மிகுதி. கிரேக்க நோயாளிகளில் பெரும்பாலோரிடம் பி51 காணப்படுகிறது. ஆனால் நோயில்லாத கிரேக்கர்களிலும் ஏறத்தாழ நான்கில் அல்லது ஐந்தில் ஒருவரிடம் அது உண்டு. அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதேயில்லை. எனவே பி51 இருப்பதை மட்டும் கொண்டு நோயை உறுதிசெய்ய முடியாது.

தோற்றம் பற்றிய சர்ச்சை

2001இல் எசுப்பானிய ஆய்வாளர் அந்தோனியோ அர்னைசு-வில்லேனாவும் குழுவினரும், டி.ஆர்.பி1 மரபணுவை அடிப்படையாகக் கொண்டு, கிரேக்கர்கள் சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்க மக்களோடு நெருங்கிய உறவுடையோர் என்றும், மக்கெடோனியர் பழைய மத்தியதரை மக்களைச் சேர்ந்தோர் என்றும் எழுதினர். மக்கெடோனியா என்னும் பெயர் குறித்துக் கிரேக்கத்துக்கும் அதன் வடக்கு அண்டை நாட்டுக்கும் பிணக்கு நிலவிய காலம் அது. (அந்நாடு 2019இல் வடக்கு மக்கெடோனியா எனப் பெயர் மாற்றிக்கொண்டது.) ஆகவே அக்கட்டுரை அறிவியலுக்கு வெளியிலும் அரசியல் வாதமாகக் கையாளப்பட்டது.

2002இல் நீல் ரிச்சு, ஆல்பர்ட்டோ பியாசா, லூகா கவாலி-சுபோர்சா ஆகிய மரபியலாளர்கள் நேச்சர் இதழில் இம்முறையைக் கடுமையாகக் கண்டித்தனர். ஒரே ஒரு மரபணுவை, அதிலும் இயற்கைத் தேர்வுக்கு உட்பட்ட ஒன்றைக் கொண்டு, மக்களின் வமிசாவளியை வரைய இயலாது என்பது அவர்கள் வாதம். அதே முறை சப்பானியரை மேற்கு, தெற்கு ஆப்பிரிக்கரோடு ஒன்றாகக் காட்டுவதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். இக்கண்டனம் நியாயமானதே. தொலைவிலுள்ள இரு மக்களிடம் ஒரே எச்.எல்.ஏ வடிவம் இருப்பதற்கு உறவு மட்டும் காரணமன்று. பொதுவான மிகப் பழைய மாற்றுரு இரு இடங்களிலும் அழியாமல் எஞ்சியிருக்கலாம்.

முழு மரபகராதியையும் தழுவிய ஆய்வுகள் வேறு விடை தந்தன. 2017இல் வெளியான பண்டைய டி.என்.ஏ ஆய்வு, மினோவர், மைசீனியர் ஆகிய இரு மக்களின் மரபில் முக்கால் பங்கேனும் மேற்கு அனத்தோலியா, ஏசியன் பகுதிகளின் முதல் வேளாண் மக்களிடமிருந்து வந்தது எனக் காட்டியது. இன்றைய கிரேக்கர்கள் மைசீனியரை ஒத்திருப்பதும், பிற்காலக் கலப்புகள் உள்ளதும் அதிற் புலனாயின.

மருத்துவப் பயன்

கிரேக்கத்தில் தலசீமியா நோய் பரவலாக உள்ளது. என்பு மச்சை மாற்றினால் இதனைக் குணப்படுத்தலாம். ஆனால் கொடுப்பவரின் எச்.எல்.ஏ வடிவங்கள் நோயாளியுடன் பொருந்த வேண்டும். உடன்பிறந்தார் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று மட்டுமே. அது வாய்க்காதபோது உறவினரல்லாத கொடையாளர் தேடப்படுகிறார். கிரேக்கர்களிடையே பரவலான வடிவச் சேர்க்கைகள் வட ஐரோப்பாவில் அரிது என்பதால், பொருத்தமானவர் கிரேக்கத்திலோ அண்டை நாடுகளிலோ கிடைக்கும் வாய்ப்பே கூடுதலாகும்.