டம்பெல்லுக்கு முன்னாடி இஞ்ச் டேப்: ஜிம்மில் முதல் நாள் என்ன கேட்கணும்?

ஊர் ஜிம்மில் சேர்ந்த அன்றைக்கே டம்பெல்லைக் கையில் கொடுக்கிறார்களா? கொஞ்சம் பொறுங்க. மூலக்குளமோ வில்லியனூரோ, மாஸ்டர் முதலில் எடுக்க வேண்டியது இஞ்ச் டேப். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வுப்படி, புதுச்சேரியில் 20 வயதைக் கடந்தவர்களில் 26.3% பேருக்குச் சர்க்கரை நோய், 61.2% பேருக்குத் தொப்பை. தொப்பையில் நாட்டிலேயே முதலிடம் நம்ம ஊர்தான்! இடுப்பளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் உஷார்.

அடுத்த கேள்வி, ‘சுகருக்கு என்ன மருந்து எடுக்கறீங்க?’ இதைக் கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து. இன்சுலினோ கிளிமெபிரைடு மாதிரியான மாத்திரையோ எடுப்பவர், விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வெயிட் தூக்கினால் சர்க்கரை சட்டென இறங்கலாம். கை நடுங்கும், படபடக்கும், வியர்த்துக் கொட்டும். களைப்புதான் என்று நினைத்து ‘இன்னும் ஒரு செட்’ போட்டால் மயக்கம் வரும். உடனே நிறுத்திவிட்டு, 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கணும். 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்.

அதுக்காக வெயிட்டே வேண்டாம் என்றில்லை. வேலை செய்யும் தசை, இன்சுலின் துணை இல்லாமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். வாரம் 150 நிமிட வேகநடையோடு 2 நாளாவது தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பயிற்சியால் சுகர் குறைந்தால் மாத்திரையைக் குறைக்கலாமா? அதை டாக்டரிடம் கேளுங்க, மாஸ்டரிடம் இல்லை.