எட்டு மூட்டையா, அஞ்சே கால் மூட்டையா?

ஒரு கன மீட்டர் எம்20 கான்கிரீட்டுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட்? ஆன்லைன் கால்குலேட்டர்ல போட்டா நொடியில பதில் வந்துடும். ஆனா அதை நம்பலாமா? ஒரு தடவை கையாலயே போட்டுப் பார்ப்போம்.

எம்20-க்கு வழக்கமான கலவை 1:1.5:3. சிமெண்ட் 1 பங்கு, மணல் 1.5, ஜல்லி 3, மொத்தம் 5.5 பங்கு. ஒரு கன மீட்டர் சிமெண்டின் எடை 1440 கிலோ. அப்போ 1 ÷ 5.5 × 1440 = 262 கிலோ, அதாவது அஞ்சே கால் மூட்டை. சரியா? இல்லை. மணல், ஜல்லிக்கு நடுவுல காத்து இடைவெளி நிறைய இருக்கு. தண்ணி ஊத்திக் கலந்து கெட்டிப்படுத்தும்போது அது நிரம்பி, கன அளவு குறைஞ்சிடும். அதனால 1 கன மீட்டர் கான்கிரீட்டுக்குச் சுமார் 1.54 கன மீட்டர் உலர்ந்த பொருள் வேணும். இப்போ 1.54 ÷ 5.5 × 1440 = 403 கிலோ, கிட்டத்தட்ட 8 மூட்டை.

10 கன மீட்டர் ஸ்லாபுக்கு இந்த வித்தியாசம் 28 மூட்டை! பாதி வேலையில சிமெண்ட் தீர்ந்தா, அடுத்த லோடு வர்றதுக்குள்ள முதல்ல போட்டது இறுகிடும். அந்த ஜாயின்ட் வழியாத்தான் பின்னாடி தண்ணி ஒழுகும்.

பிளம்பிங்லயும் இதே கதைதான். குழாயில் அழுத்த இழப்பைக் கணக்கிட ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரம் இருக்கு. அதுல 'சி' மதிப்பு புது பி.வி.சி. குழாய்க்கு 150, பழைய வார்ப்பிரும்புக்குச் சுமார் 100. இந்த ஒரு எண்ணை மாத்தினா இழப்பு இரண்டு மடங்குக்கு மேல போயிடும். நீங்க குழாயின் வகையைச் சொல்லாமலேயே கால்குலேட்டர் விடை தந்தா, 'சி' மதிப்பை அதுவே முடிவு பண்ணிடுச்சுன்னு அர்த்தம்.

அதனால மூணு விஷயம் பாருங்க:

1. சூத்திரமும், எடுத்துக்கிட்ட எண்களும் திரையில தெரியணும். அதை நாம மாத்தவும் முடியணும்.

2. கன அளவை இரண்டு மடங்காக்கினா மூட்டையும் இரண்டு மடங்காகணும். மைனஸ் எண் போட்டா பிழைன்னு சொல்லணும்.

3. எந்த விதியின்படி கணக்குன்னு சொல்லணும். ஐ.எஸ். 456:2000 படி எம்20 வரைக்கும்தான் இப்படிப் பொதுவான விகிதத்தில் கலக்கலாம். எம்25-க்கும் 1:1:2-னு தயங்காம விடை தர்ற கால்குலேட்டர்கிட்ட கொஞ்சம் உஷாரா இருங்க.

பரீட்சையில ஸ்டெப்ஸ் இல்லாம வெறும் விடை எழுதினா நமக்கு முழு மார்க் கிடைக்குமா? கால்குலேட்டருக்கும் அதே ரூல் போடுங்க.