மோட்டார் சைக்கிளும் கறுப்பு எண்ணெயும்



பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறும் சிறிய மோட்டார் சைக்கிளுக்குத் தண்ணீர்த் தொட்டி கிடையாது. காற்றும், உள்ளே ஓடும் எண்ணெயுமே அதன் சூட்டைத் தணிக்கின்றன. ஹோண்டா கப் வகை வண்டியில் அந்த எண்ணெய் ஒரு லிட்டருக்கும் குறைவு! சூடு ஏற ஏற எண்ணெய் நீர்த்துப்போகும். ஏறக்குறைய ஒவ்வொரு 10 பாகைக்கும் அது கெடும் வேகம் இரு மடங்காகும்.

இவ்வகை வண்டிகள் பலவற்றில் காகித வடிகட்டி இல்லை. அடியில் ஒரு கம்பிவலையும், பக்க மூடிக்குள் சுழலும் கிண்ணம் ஒன்றும் உண்டு. கிண்ணம் சுழலும்போது இரும்புத் தூள் முதலிய கனமான அழுக்குகள் விளிம்புக்கு வீசப்பட்டுச் சேறாக ஒட்டிக்கொள்ளும். தொழிற்சாலையில் ரப்பர் பாலைச் சுழற்றிக் கெட்டிப்பால் பிரிப்பதும் இதே முறைதான்.

எண்ணெயை மாற்றினாலும் அந்தச் சேறு வெளியே வராது. இது தெரியாமல் நான் பல ஆண்டுகள் எண்ணெயை மட்டுமே மாற்றி வந்தேன். ஒருநாள் மேட்டில் 'டக் டக்' என்ற சத்தத்தோடு வண்டி நின்றது. எண்ணெய் போகாமல் கிராங்க் பேரிங் தேய்ந்திருந்தது. பட்டறைக்காரர் கிண்ணத்துச் சேற்றைக் கத்தியால் சுரண்டினார். எனக்குப் பாதிச் சம்பளம் போயிற்று. பால் வெட்டுபவருக்கு அதோடு வேலை நாளும் போகும்.

கையேடு சொல்லும் தூரத்தில் கிண்ணத்தைக் கழுவச் சொல்லுங்கள். இயந்திரத்தின் தகட்டு மடிப்புகளில் காய்ந்த சேற்றையும் அகற்றுங்கள். ஆனால் சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள். அளவு பார்க்க வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, அளவுக் குச்சியைத் துடைத்து, மரையைத் திருகாமல் செருகிப் பாருங்கள். திருகிவிட்டால் குச்சி கீழே இறங்கி, இல்லாத எண்ணெயை இருப்பதாகக் காட்டும்.