சாவி உங்களோடு கடலுக்குள் வரட்டும்

"கரையில் நிறுத்தியிருந்த வண்டியிலிருந்து பை போய்விட்டது. இன்ஷூரன்ஸில் ஏதாவது கிடைக்குமா?" போனேர் தீவுக்கு டைவிங் போய்வந்தவர்கள் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கும் கேள்வி இது. ஊர் திரும்பி, துணி துவைத்து, படங்களையெல்லாம் உறவினர்களுக்கு அனுப்பி முடித்த பிறகுதான் கேட்கிறார்கள். போலீஸில் கொடுத்த புகாரின் நகல் இருக்கிறதா என்றால் இல்லை. பையில் என்னென்ன இருந்தன என்று எழுதிவைத்தீர்களா என்றால் அதுவும் இல்லை. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து மட்டும் இருக்கிறது. அதைப் படித்த ஆள் இல்லை. இன்னும் சிலர் வண்டியையே பறிகொடுத்திருக்கிறார்கள். சாவி எங்கே இருந்தது என்று கேட்டால், "டயர் மேலேதான் வைத்திருந்தோம், எல்லோரும் அப்படித்தானே வைக்கிறார்கள்" என்கிறார்கள். எல்லோரும் அப்படி வைப்பது திருடனுக்கும் தெரியும்.

வெனிசுலாவுக்கு வடக்கே கரீபியன் கடலில் இருக்கும் இந்தச் சிறிய தீவு, 2010 அக்டோபர் முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. புழங்கும் பணம் அமெரிக்க டாலர். தீவைச் சுற்றியுள்ள கடல் 1979லிருந்து பாதுகாக்கப்பட்ட கடல்பூங்கா. பவளப்பாறை கரைக்கு வெகு அருகிலேயே தொடங்குவதால் படகு தேவையில்லை. பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுத்து, பின்தட்டில் டேங்குகளை ஏற்றிக்கொண்டு, சாலையோரம் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லைக் கண்டால் நிறுத்தி, அப்படியே கடலுக்குள் இறங்கிவிடலாம். ஒவ்வொரு மஞ்சள் கல்லிலும் டைவ் தளத்தின் பெயர் எழுதியிருக்கும். டைவ் செய்கிறவர்களுக்கு இதைவிட வசதியான இடம் அரிது.

அதே வசதி திருடனுக்கும் உண்டு. பின்தட்டில் டேங்க் தாங்கிகளோடு மஞ்சள் கல்லருகே நிற்கும் பிக்கப்பைப் பார்த்தாலே, அதில் வந்தவர்கள் தண்ணீருக்குள் இருக்கிறார்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு வெளியே வரமாட்டார்கள் என்பது தெரிந்துவிடும். வீடு புகும் திருடனுக்குக்கூட இவ்வளவு நிச்சயம் கிடையாது. 'தவுசண்ட் ஸ்டெப்ஸ்' தளத்தில் வண்டி மேலே சாலையில் நிற்கும். நீங்கள் பாறைச் சரிவில் படியிறங்கிக் கீழே போய்விடுவீர்கள். கண்ணாடி உடைந்தால் சத்தம்கூடக் கேட்காது. தெற்கே உப்பளங்களைத் தாண்டி இருக்கும் தளங்களில் நடமாட்டம் குறைவு. இரவு டைவ் என்றால் சொல்லவே வேண்டாம்.

வண்டியை நிறுத்துமுன் இறங்கித் தரையைப் பாருங்கள். சரளைக்கல்லுக்கு நடுவே சிறு சிறு கட்டிகளாக உடைந்த கார்க் கண்ணாடி கிடந்தால், அங்கே வேறு யாரோ ஏற்கெனவே இழந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த மஞ்சள் கல்லுக்குப் போங்கள்.

போனேரில் பழகியவர்கள் சொல்லும் முதல் அறிவுரை புதிதாக வருகிறவர்களைத் திடுக்கிட வைக்கும்: கதவைப் பூட்டாதே, கண்ணாடியை இறக்கி வை. இதில் நியாயம் இருக்கிறது. பூட்டிய வண்டிக்குள் ஏதோ இருக்கிறது என்று திருடன் நினைப்பான், கண்ணாடியை உடைப்பான். உள்ளே பழைய துண்டுதான் இருந்தது என்றாலும் கண்ணாடிக்கான பணம் உங்களிடம் வரும். திறந்து கிடக்கும் காலி வண்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். ஆனால் இந்த அறிவுரையின் பாதியை மட்டும் காதில் வாங்குகிறவர்கள் அதிகம். வண்டியைத் திறந்து வைக்கிறார்கள். செல்போனை இருக்கைக்கு அடியிலும் பர்ஸை டேஷ்போர்டு அறையிலும் ஒளித்து வைக்கிறார்கள். இருக்கைக்கு அடியில்தான் முதலில் தேடுவான். திறந்த வண்டி காலி வண்டியாகவும் இருக்க வேண்டும். ஈரத்துண்டு, பழைய செருப்பு, தண்ணீர் பாட்டில், இவை போனால் போகட்டும் என்று விடக்கூடியவை. அதற்குமேல் ஒரு பொருளும் வேண்டாம். மாற்று மாஸ்க், இரண்டாவது டைவ் கம்ப்யூட்டர், காய்ந்த சட்டைக்குள் சுருட்டிய கைக்கடிகாரம் எதுவும் வேண்டாம்.

இனி சாவி. இதைத்தான் ஒன்றுக்கு மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

கதவு திறந்திருக்கலாம், சாவி வண்டியில் இருக்கக் கூடாது. வண்டிக்கு உள்ளேயோ வெளியேயோ, டயர் மேலோ, பெட்ரோல் மூடிக்குள்ளோ, பக்கத்துக் கல்லுக்கு அடியிலோ இருக்கக் கூடாது. நீங்கள் குனிந்து வைப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அது வண்டியோடு கொடுத்த பரிசு. வண்டி திருடுபோனால் வாடகை நிறுவனமும் அதன் காப்பீட்டாளரும் கேட்கும் முதல் கேள்வி, "சாவியைக் கொடுங்கள்" என்பதுதான். அசல் சாவியை மேசைமேல் வைக்க முடியாதவரின் கோரிக்கை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். அலட்சியத்தால் நேர்ந்த இழப்பு என்று எழுதுவார்கள். வண்டியின் விலையே உங்கள் தலையில் விழலாம். திருட்டுக்குக் காப்பீடு எடுத்திருந்தாலும் இதே கதிதான்.

அப்படியானால் சாவியை என்ன செய்வது? உங்களோடு கடலுக்குள் கொண்டு போங்கள். வண்டி எடுக்கும்போதே கவுன்டரில் கேளுங்கள்: இது வெறும் உலோகச் சாவியா, உள்ளே மின்னணுச் சில்லு இருக்கிறதா, பட்டன் வைத்த ரிமோட் சாவியா? உலோகச் சாவி என்றால், டைவிங்கில் அணியும் மிதவை ஜாக்கெட்டான பிசிடியின் ஜிப் வைத்த பைக்குள் கிளிப்பில் மாட்டிவிடலாம். கிளிப் இல்லாமல் பைக்குள் சும்மா போட்டால், டார்ச் எடுக்கும்போது சாவியும் சேர்ந்து வெளியே வந்து ஆழத்துக்குப் போய்விடும். சில்லோ ரிமோட்டோ உள்ள சாவி என்றால், டைவிங் ஆழத்துக்கு என்றே தயாரித்த, ஆழ அளவு குறிப்பிட்ட நீர்புகாப் பெட்டி வேண்டும். கடற்கரைக் கடைகளில் கழுத்தில் மாட்டத் தரும் பிளாஸ்டிக் உறை நீந்துகிறவர்களுக்கானது. 18 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்த உறை தாங்காது. பெட்டியை முதல் டைவில் காலியாக, ஒரு காகிதத் துண்டு மட்டும் போட்டுக் கொண்டுபோய்ப் பாருங்கள். காகிதம் நனையாமல் வந்தால் மறுமுறை சாவியை வையுங்கள். ஓட்டுநர் உரிமமும் அதே பெட்டிக்குள் இருக்கட்டும். பாஸ்போர்ட்டும் கிரெடிட் கார்டுகளும் விடுதி அறைப் பெட்டகத்தில் இருக்கட்டும். வண்டியை விட்டு இறங்குமுன் ஸ்டியரிங்கைத் திருப்பி அது பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங் பூட்டுக் கம்பி இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

பூட்டுவதா, திறந்து வைப்பதா என்பதில் ஒரு சிக்கல் உண்டு. கவுன்டரில் இருப்பவர் வாயால் "பூட்ட வேண்டாம்" என்பார்; கையில் தரும் ஒப்பந்தமோ வேறு மாதிரி சொல்லலாம். தகராறு வந்தால் வாய்ப்பேச்சு நிற்காது. "டைவ் தளங்களில் வண்டியைப் பூட்டாமல் விடலாம்" என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அதே கேள்வியை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பிப் பதில் வாங்கிவையுங்கள். வண்டித் திருட்டுக்குக் காப்பீடு உண்டா, நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, கண்ணாடி, டயர், உதிரிச் சக்கரம் எல்லாம் அதில் சேருமா என்ற மூன்றையும் அங்கேயே கேளுங்கள். கிரெடிட் கார்டு தரும் வாடகைக் கார்க் காப்பீட்டை நம்பிக் கவுன்டர் காப்பீட்டை மறுக்கிறவர்கள், கார்டின் விதிகளைக் கிளம்புமுன் படியுங்கள். பல கார்டுகள் பிக்கப் வண்டிகளைப் பட்டியலிலிருந்தே விலக்கியிருக்கின்றன. போனேரில் உங்களுக்குக் கிடைக்கப்போவது அனேகமாகப் பிக்கப்தான்.

பயணக் காப்பீட்டிலும் இதே கண்ணி உண்டு. ஆளில்லாத வண்டியில், அதுவும் பூட்டாத வண்டியில், விட்டுப்போன பொருளுக்குப் பணமில்லை என்பது பெரும்பாலான பாலிசிகளில் இருக்கும் விதி. ஆக வாடகை நிறுவனம் பூட்டாதே என்கிறது, உங்கள் காப்பீட்டாளர் பூட்டவில்லையா என்கிறார். இரண்டுக்கும் நடுவில் அகப்படாமலிருக்க ஒரே வழி வண்டியைக் காலியாக வைப்பதுதான்.

இத்தனைக்குப் பிறகும் போய்விட்டால், அன்றைக்கே செய்ய வேண்டியவை உண்டு. அன்றைக்கே என்கிறேன். இன்னொரு டைவ் முடித்துவிட்டு, இரவு சாப்பிட்டுவிட்டு, நாளைக் காலை பார்க்கலாம் என்று தள்ளுகிறவர்கள்தான் கடைசியில் வெறுங்கையோடு விமானம் ஏறுகிறார்கள்.

வண்டியே இல்லை என்றால் முதலில் போலீஸ் அவசர எண் 911. அடுத்து வாடகை நிறுவனம். எண் தகடு, நிறம், நிறுத்திய தளத்தின் பெயர், தண்ணீரில் இறங்கிய நேரம், வெளியே வந்த நேரம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். டைவ் கம்ப்யூட்டர் இரண்டு நேரங்களையும் பதிந்து வைத்திருக்கும்; திரையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பொருள் மட்டும் போயிருந்தால், எதையும் தொடுவதற்கு முன் வண்டியை நான்கு பக்கமும் படமெடுங்கள். செல்போனும் போயிருந்தால் அடுத்து வரும் டைவர்களிடம் கேளுங்கள், தயங்காமல் உதவுவார்கள். பிறகு நேராகத் தலைநகர் கிராலென்டைக்கில் உள்ள காவல் நிலையத்துக்குப் போங்கள். தவுசண்ட் ஸ்டெப்ஸைத் தாண்டி வடக்கே கர்பாட்டா பக்கம் போயிருந்தால் அந்தச் சாலை ஒருவழிப் பாதை. ரிங்கோன் ஊர் வழியாகச் சுற்றித்தான் திரும்ப முடியும் என்பதையும் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காவல் நிலையத்தில் நடப்பதுதான் எனக்கு அதிகம் ஆத்திரம் தருவது. சுற்றுலாப் பயணி நாலு நாளில் போய்விடுவார் என்பது மேசைக்குப் பின்னால் இருப்பவருக்குத் தெரியும். பெயரையும் அறை எண்ணையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு "பார்க்கிறோம்" என்று அனுப்பிவிடுவதுண்டு. நம்மவர்களும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். டச்சு நடைமுறையில் தகவல் சொல்வது வேறு, முறையான குற்றப்புகார் வேறு. தகவலுக்கு 'மெல்டிங்' என்று பெயர். அது காப்பீட்டுக்கு உதவாது. உங்களுக்கு வேண்டியது 'ஆன்கிஃப்தே'. அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். இப்போது எழுத ஆள் இல்லை, நாளை வா என்றால், எத்தனை மணிக்கு, யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். விமானம் எப்போது என்பதையும் டிக்கெட்டைக் காட்டிச் சொல்லுங்கள். பல பாலிசிகள் 24 மணி நேரத்துக்குள் புகார் கேட்பதால், நீங்கள் முதலில் வந்த நாளும் நேரமும் பதிவாக வேண்டும்.

போன பொருள்களை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: பொருள், தயாரிப்பாளர், வரிசை எண், வாங்கிய ஆண்டு, விலை. ரெகுலேட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் வரிசை எண் உண்டு. பயணத்துக்கு முன்பே படமெடுத்து மின்னஞ்சலில் போட்டு வைத்தால் கையில் எதுவும் இல்லாத அன்றைக்கும் கிடைக்கும். அந்தப் பட்டியல் புகாரோடு சேர்க்கப்பட வேண்டும். "பை ஒன்று, உள்ளே சாமான்கள்" என்று எழுதிய புகாருக்கு எந்தக் காப்பீட்டாளரும் பணம் தரமாட்டார். புகார் டச்சு மொழியில் இருக்கக்கூடும். புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். தளத்தின் பெயரும் நேரமும் சரியா என்று பாருங்கள். வழக்கு எண்ணும் நகலும் கைக்கு வராமல் கிளம்பாதீர்கள்.

பாஸ்போர்ட் போனவர்களின் நிலை தனி. போனேரில் இந்தியாவுக்கோ இலங்கைக்கோ தூதரகம் கிடையாது. இந்திய அவசரப் பயணச் சான்றிதழ் இந்தியாவுக்கு ஒருவழியாகத் திரும்ப மட்டுமே உதவும். டொரன்டோவிலோ ஆம்ஸ்டர்டாமிலோ வேலையும் வீடும் உள்ளவருக்கு அதனால் பயனில்லை. புதிய பாஸ்போர்ட்தான் வேண்டும், அதற்கும் இதே போலீஸ் புகார் வேண்டும். அமெரிக்க கிரீன் கார்டு போயிருந்தால் ஐ-131ஏ படிவத்துக்கான கட்டணத்தை இணையத்தில் கட்டிவிட்டு அமெரிக்கத் தூதரக அலுவலகத்தை அணுக வேண்டும். தீவுக்குப் பொறுப்பான அலுவலகம் எது என்பதைப் புறப்படுமுன் குறித்துக்கொள்ளுங்கள். அல்லது, மறுபடியும் சொல்கிறேன், பாஸ்போர்ட்டைக் கடற்கரைக்குக் கொண்டு போகாதீர்கள்.

ஊர் திரும்பியதும் வாடகை நிறுவனம் உங்கள் கார்டில் ஒரு தொகையைப் பிடித்திருக்கலாம். கண்ணாடிக்கு இவ்வளவு, வண்டி ஓடாத நாள்களுக்கு இவ்வளவு என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழுது பார்த்த ரசீது, எத்தனை நாள் வண்டி ஓடவில்லை என்பதற்கான கணக்கு, ஒப்பந்தத்தில் எந்த விதியின்படி பிடித்தார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் கார்டு கொடுத்த வங்கிக்கு ஒப்பந்த நகல், புகார் நகல், நீங்கள் அனுப்பிய கடிதம் மூன்றையும் இணைத்து எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவியுங்கள். வங்கிக்கு இதற்கென்று கெடு உண்டு. அது உங்கள் கணக்கு அறிக்கை வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கியிருக்கலாம்.